குண்டுப் பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டா?

உணவு ஆலோசனைத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் எடை கூடிய பிள்ளைகளுக்கு எழுதும் டயட் சார்ட்டுகளைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சார்ட்டிலும் வீட்டிலும் நடக்கும் சில தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். சிப்ஸ், கூல்டிரிங்க்ஸ் கதை வேண்டாம். அது எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளை பெயரில் சார்ட் எழுதுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். எடை, உயரம் பார்த்ததும் “ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி, வெள்ளரிக்காய், சோறு கிடையாது” என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதை வாங்கிப்போன வீட்டில் என்ன நடக்கிறது?

மன்னார்குடிப் பக்கம் ஒரு குடும்பம். சொந்த வயல் நெல், அரைத்து மூட்டையாக வீட்டிலேயே இருக்கிறது. ராத்திரி எல்லோருக்கும் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்றுச் சோறு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். மூத்தவனுக்கு மட்டும் வறண்ட சப்பாத்தி. தங்கை ஒல்லி என்பதால் அவளுக்கு நெய் வேறு. “நீ தொடாதடா” என்று அப்பளத்தை நகர்த்தி வைக்கும் அப்பாயியே, மனசு கேட்காமல் பிறகு அடுக்களைக்குக் கூப்பிட்டுச் சோற்றை உருட்டிக் கையில் வைப்பார். அடுத்த முறை வந்தபோது எடை கூடியிருந்தது. அம்மா அவனைத்தான் திட்டினார். பரண்மேல் முறுக்கு டின் எந்த மூலையில் இருக்கிறது என்பது அந்த வீட்டில் அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இது அவனுடைய பேராசை இல்லை. 1999-ல் அமெரிக்காவில் ஜெனிஃபர் ஃபிஷரும் லீஆன் பர்ச்சும் செய்த ஆய்வில், ஒரே மாதிரியான இரண்டு தின்பண்டங்களில் ஒன்றை மட்டும் கண்ணில் படவைத்துத் தடுத்தார்கள். பிள்ளைகளின் பேச்சும் கையும் தடுத்ததன் பக்கமே போயின.

சார்ட்டை வீட்டின் பெயரில் எழுதுங்கள். எல்லோருக்கும் சோறு ஒரு கரண்டி குறையட்டும், கீரையும் கூட்டும் கூடட்டும். வறுவல் செய்கிற நாளில் அவனுக்கும் உண்டு. முறுக்கை தீபாவளிக்குச் சுட்டால் எல்லோரும் தின்று தீர்க்கட்டும். வருஷம் முழுக்க டின் நிரம்பியிருக்க வேண்டாம். இன்னொன்று: வளரும் பிள்ளைகள் பலருக்கு எடை இறங்கவே தேவையில்லை. அது ஏறாமல் நின்று உயரம் கூடினாலே போதும்.

தட்டைக் காலி செய்யச் சொல்வது

நெல் விளையும் ஊரில் பருக்கையை வீணாக்காதே என்பது நியாயம்தான். அப்படியானால் முதலிலேயே குறைவாக வையுங்கள், கேட்டால் மறுபடி போடுங்கள். 2000-ல் வந்த ஓர் ஆய்வில், நிறைய வைத்தபோதும் மூன்றரை வயதுப் பிள்ளைகள் வயிற்றுக்கு வேண்டியதையே சாப்பிட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் வைத்தது கூடக் கூட அதிகம் சாப்பிட்டார்கள். “இன்னும் ஒரு வாய்” என்று நாம் ஊட்டி ஊட்டிக் கெடுப்பது அந்த இடைவெளியில்தான் என்பது என் எண்ணம்.

செல்போன் காட்டி ஊட்டுவது

வேண்டாம்.

பாலில் கலக்கும் சத்து மாவு

கடை டப்பா மாவில் பெரும்பாலும் ஏற்கெனவே சர்க்கரை இருக்கும். அதற்கு மேலும் எத்தனை ஸ்பூன் போடுகிறார்கள் என்று அம்மாவிடம் கேட்காதீர்கள், பால் ஆற்றுபவரிடம் கேளுங்கள்.

ராத்திரிதான் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பது

வாரத்தில் மூன்று வேளையாவது குடும்பத்தோடு சாப்பிடும் பிள்ளைகளிடம் அதிக எடை கொஞ்சம் குறைவாகவே காணப்படுகிறது என்று 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். அது ராத்திரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காலை இட்லியும் சரி, ஞாயிறு மத்தியானமும் சரி. கும்பகோணம் பெரிய தெருவில் கடை வைத்திருக்கும் அப்பா, கடை சாத்திவிட்டு வரும்வரை பிள்ளையைக் காக்க வைத்தால் அதற்குள் நாலு பஜ்ஜி உள்ளே போயிருக்கும்.