ட்ரை டைப் டிரான்ஸ்பார்மரைச் சார்ஜ் செய்யும் முன்: என்னைச் சுற்றவிட்ட டேப் லிங்க்

ஆயில் டிரான்ஸ்பார்மரோடு பழகியவர்களுக்கு, ஆயிலே இல்லாத ட்ரை டைப் சுலபமாகத் தெரியும். ஆயில் சாம்பிள் எடுக்க வேண்டாம், சிலிக்கா ஜெல் நிறம் பார்க்க வேண்டாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஸ்பின்னிங் மில்லுக்கு 1000 கேவிஏ, 11 கேவி / 433 வோல்ட், டிஒய்என்11 (காயில்களின் இணைப்பு முறை) காஸ்ட் ரெசின் (காயில்களை ரெசினில் வார்த்த) யூனிட் வந்தபோது ஒரு முழு நாள் அலையவிட்டது.

எச்டி (11 கேவி பக்கம்) கேபிள், எல்டி (433 வோல்ட் பக்கம்) பஸ்பார் இரண்டும் கழற்றியிருக்கின்றன, சப்ளையை நிறுத்தியாயிற்று என்ற எல்சி உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. கண்ணால் பாருங்கள்

டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் போதும். ரெசினில் விரிசல் இருக்கிறதா, லாரிக் குலுக்கலில் காயிலைத் தாங்கும் பிளாக்குகள் நகர்ந்திருக்கின்றனவா, காயில் இடுக்கில் நட்டு, வாஷர் கிடக்கிறதா என்று பாருங்கள். எச்டி கேபிள் வரப்போகும் பாதையையும் பார்த்துவிடுங்கள், அது காயிலில் சாயவே கூடாது. ரெசினின் மேற்பரப்பு கேபிள் உறை மாதிரி எர்த் ஆனதல்ல. சார்ஜில், அதாவது மின்சாரத்தில், இருக்கும்போது அதைத் தொட்டால் உயிர் போகும்.

போல்ட்டுகளுக்கு டார்க் ரென்ச்தான் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்). ‘கை அளவு’ என்பதை நான் நம்புவதில்லை. முறுக்கி முடித்ததும் பெயிண்ட் பேனாவால் கோடு போடுங்கள்.

2. மெக்கர் (இன்சுலேஷன் சோதனை)

முதலில் நியூட்ரலின் எர்த் பட்டையைக் கழற்றுங்கள். அது இருந்தால் எல்டி–எர்த் பூஜ்யம்தான் காட்டும். லைட்னிங் அரெஸ்டர் இருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள்.

எச்டி–எர்த், எச்டி–எல்டி, எல்டி–எர்த் என்று மூன்று அளவு, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். எச்டிக்கு 5 கேவி (தயாரிப்பாளர் 2.5 என்றால் 2.5), எல்டிக்கு 1 கேவி. எச்டிக்குக் கையால் சுற்றும் மெக்கர் எனக்குப் பிடிக்காது. ஒரு நிமிடம் ஒரே வேகத்தில் சுற்ற யாராலும் முடியாது. ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் காயிலை எர்த் செய்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள்.

ஐப்பசி மழையில் வந்திறங்கிய எங்கள் யூனிட் எச்டியில் 80 மெகாஓம்தான் காட்டியது. பதறவில்லை. துடைத்து, அடியில் 200 வாட் பல்புகளை வைத்து இரண்டு நாள் காயவிட்டதும் ஆயிரங்களுக்கு ஏறிவிட்டது.

கோரின் (காயில்களுக்குள் இருக்கும் இரும்பு) எர்த் பட்டையையும் கழற்றி 500 வோல்ட்டில் பாருங்கள். கோர் ஒரே இடத்தில்தான் எர்த் ஆகியிருக்க வேண்டும். பார்த்ததும் பட்டையை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

3. ரேஷியோ (எச்டி வோல்ட்டை எல்டி வோல்ட்டால் வகுத்தது): நான் மாட்டிக்கொண்ட இடம்

ஆயில் டிரான்ஸ்பார்மரில் டேப் (எச்டி சுற்றுகளைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) மாற்ற ஒரே கைப்பிடி. அதைத் திருப்பினால் மூன்று ஃபேஸும் சேர்ந்து மாறும். ட்ரை டைப்பில் அப்படியில்லை, ஒவ்வொரு எச்டி காயிலிலும் தனித்தனி லிங்க், தனித்தனி போல்ட்.

டிடிஆர் மீட்டர் (ரேஷியோவை நேரடியாகக் காட்டும் மீட்டர்) இல்லாததால் எச்டியில் மில்லின் 415 வோல்ட் த்ரீ ஃபேஸ் கொடுத்து, எல்டியில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வோல்ட்டை அளந்தேன். (மாற்றி எல்டியில் கொடுத்துவிடாதீர்கள், எச்டியில் பத்தாயிரத்துக்கு மேல் வோல்ட் நிற்கும்.) ஆர் 9.4, ஒய் 9.4, பி 9.7. “சப்ளை ஏற்றத்தாழ்வுதான்” என்று முடிவு கட்டினேன். எங்கள் சப்ளை எப்போதும் அப்படித்தான். உறுதிப்படுத்த சப்ளை ஒயர்களை வரிசையாக இடம் மாற்றிப் போட்டேன். 9.7 அதே காயிலில் நின்றது. அப்போதே புரிந்திருக்க வேண்டும். சப்ளைக் கோளாறு என்றால் அது ஒயரோடு நகர்ந்திருக்குமே! நான் மீட்டரைச் சந்தேகித்தேன், ஜாயிண்டைச் சந்தேகித்தேன், மறுபடி மெக்கர்கூடப் போட்டேன்.

சாயங்காலம்தான் இரண்டு மீட்டர் வைத்து, எச்டி, எல்டி இரண்டையும் ஒரே நேரத்தில் படித்து வகுத்தேன். 44.0, 43.9, 42.9. சுவர்ப்பக்கக் காயிலில் லிங்க் 3க்குப் பதில் 4இல் இருந்தது. மூன்று காயிலையும் 3ஆம் டேப்புக்கு மாற்றிய அன்று இருட்டில் விட்டுப்போன போல்ட்!

44 எங்கிருந்து வந்தது? எல்டியில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 250 வோல்ட், 11000ஐ 250ஆல் வகுத்தால் 44. 4ஆம் டேப்பில் 10725, அதாவது 42.9. ±0.5% வரை பரவாயில்லை, எனவே 43.78 முதல் 44.22 வரை சரி. டிஒய்என்11இல் எச்டியின் ஆர்ஒய் வோல்ட்டை எல்டியின் ஆர்-நியூட்ரலாலும், ஒய்பியை ஒய்-நியூட்ரலாலும், பிஆரை பி-நியூட்ரலாலும் வகுங்கள்.

4. வெப்ப சென்சார்

30 டிகிரியில் பிடி100 (காயிலின் வெப்ப சென்சார்) சுமார் 111.7 ஓம் காட்டும். கன்ட்ரோலரில் ட்ரிப் அளவை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்கி, எச்டி பிரேக்கர் நிஜமாகவே விழுகிறதா என்று பாருங்கள். ரிலே ‘டிக்’ என்றால் மட்டும் போதாது. அப்புறம் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே ஏற்றிவிடுங்கள்.

5. சார்ஜ்

கழற்றிய பட்டைகள், அரெஸ்டர், கேபிள் எல்லாம் திரும்பப் போட்டாயிற்றா, ஸ்பேனர்களை எண்ணியாயிற்றா, சிஇஐஜி (அரசின் தலைமை மின் ஆய்வாளர்) அனுமதி வந்தாயிற்றா என்று பாருங்கள். எல்டி ஏசிபி (எல்டி பக்கப் பிரேக்கர்) ஆஃப், நீங்கள் கதவுக்கு வெளியே. போட்டவுடன் எச்டி பிரேக்கர் விழுந்தால் இன்ரஷ் கரண்டாக (சார்ஜ் ஆகும் கணத்தில் பாயும் பெரிய கரண்ட்) இருக்கலாம், ஆனால் ரிலே எதைக் காட்டுகிறது என்று பார்க்காமல் மறுபடி போடாதீர்கள். வோல்டேஜ், ஃபேஸ் வரிசை சரியென்றால் சில மணி நேரம் லோடு இல்லாமல் ஓடட்டும்.

பின்சேர்க்கை: ஒரு வாசகருக்கு 44 வராமல் 25.4 வந்ததாம். அவர் எல்டியிலும் லைனுக்கு லைன் அளந்திருக்கிறார். கணக்கு சரிதான், ஆனால் அந்த முறையில் ஒரு காயிலின் 2.5% பிசகு இரண்டு அளவுகளில் பாதி பாதியாகப் பிரிந்து மறைந்துவிடும். நியூட்ரலிலிருந்தே அளங்கள்.

இன்னொருவர் மெக்கர் போட்டுக் கன்ட்ரோலரையே எரித்துவிட்டார். நான் எழுதாமல் விட்டது என் தப்பு: மெக்கருக்கு முன் பிடி100 ஒயர்களைக் கன்ட்ரோலரிலிருந்து பிடுங்கி, எர்த்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.