சின்னப் பிள்ளைக்குத் திதி இல்லையாம்: நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு

"சின்னப் பிள்ளைக்குத் திதி கிடையாதுப்பா" என்று அம்மா சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். என் தங்கை மகள், என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள், ஐந்து வயது முடிவதற்குள் போய்விட்டாள். வலிப்பு நோய் இருந்தது. ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டாள். திதி, படையல் என்று ஏதாவது இருந்தால் கைக்காவது வேலை இருந்திருக்கும். இல்லாததால் நாங்களே ஒரு வழி பண்ணிக்கொண்டோம். எனக்குச் சோழவந்தானில் செல்போன் ரிப்பேர் கடை, அதனால் போனிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வலிப்பு வந்தால் வீடியோ எடுத்து வரச் சொல்வார்கள் டாக்டர்கள். எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது என்று பார்த்தால் எந்த வகை வலிப்பு என்று கண்டுபிடிக்க உதவும். ஆகவே இப்படிப்பட்ட வீட்டுப் போன்களில் அந்த வீடியோக்கள் நிறைய இருக்கும். இரண்டாம் மாதம் மாப்பிள்ளையின் போன், போன வருஷம் இதே நாள் என்று அதில் ஒன்றை எடுத்து, பாட்டும் போட்டுக் காட்டிவிட்டது. மனுஷன் கடைக்கு வந்து போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார்.

முதலில் எல்லாப் படத்தையும் வீடியோவையும் இரண்டு பென்டிரைவில் ஏற்றுங்கள். இரண்டும் இரண்டு வீட்டில் இருக்கட்டும். அப்புறம் வலிப்பு வீடியோக்களை மட்டும் போனிலிருந்து எடுங்கள், பழைய படத்தைத் தானாகக் காட்டும் வசதியையும் நிறுத்துங்கள். பென்டிரைவில் உள்ளதை அழிக்க வேண்டாம். ஒரு வீடியோவில் வலிப்பு வருவதற்கு முன்னால் "மாமா, போன் குடு" என்கிறாள். அந்த 11 விநாடியை மட்டும் வெட்டித் தங்கைக்குக் கொடுத்தேன்.

அடுத்தது நோட்டு. எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிஷம் என்று தங்கை ஒரு 80 பக்க நோட்டில் எழுதி வந்தாள். எரிக்கச் சொன்னவர்களும் உண்டு. பிரித்துப் பார்த்தால் "காலை 6.10, இரண்டு நிமிஷம், இடது கை. பிறகு தூங்கினாள். எழுந்து ஒன்றரை தோசை. ஆட்டுக்குட்டிக்கும் தோசை ஊட்டினாள்" என்று இருந்தது. மூன்று வருஷம் முழுக்க இப்படியே. மீதிப் பக்கங்களில் இப்போது வீட்டில் எல்லோரும் எழுதுகிறோம். புது நோட்டு வாங்காதீர்கள், அந்த நோட்டிலேயே எழுதுங்கள்.

மிச்சம் இருக்கும் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை யாருக்கும் தூக்கிக் கொடுக்காதீர்கள். குழந்தையின் எடையைப் பார்த்து அளவு சொல்லும் மருந்து அது.

"நான் முழிச்சிருந்தா காப்பாத்தியிருப்பேனே" என்று தங்கை மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடமே ஒருநாள் அவளைத் திரும்பக் கூட்டிப்போனேன். வலிப்பு நோய் உள்ள குழந்தைகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,500 பேரில் ஒருவருக்கு இப்படித் திடீர் மரணம் நேர்வதுண்டு, அம்மா தூங்கியது காரணமில்லை என்று உட்கார வைத்துச் சொன்னார். நான் நூறு தடவை சொல்லி நம்பாததை அவர் ஒரு தடவை சொன்னதும் கேட்டுக்கொண்டாள். தங்கையின் பையனும் "எனக்கும் வருமா?" என்று அவரிடமே கேட்டான். ஒட்டுவாரொட்டி இல்லை என்று அவன் காதுபடச் சொன்னது நல்லதாகப் போயிற்று.

துக்கம் கேட்க வருபவர்களுக்கு ஒன்று. "கஷ்டப்படாமப் போயிருச்சு" என்று சொல்லாதீர்கள். பிள்ளையின் பேரைச் சொல்லுங்கள், அது போதும்.

நாளைப் பொறுத்தவரை, இறந்த நாளும் வேண்டாம், பிறந்த நாளும் வேண்டாம் என்றாள் தங்கை. சரி என்று நவம்பர் 17, தேசிய வலிப்பு நோய் தினத்தை எடுத்துக்கொண்டோம். அன்று அவள் போன அங்கன்வாடிக்குச் சுண்டல் செய்து கொண்டுபோகிறோம். வாசலில் நிற்கும் அம்மாக்களுக்குப் பையனைத் தரையில் படுக்கவைத்துச் செய்து காட்டுவேன்: ஒருக்களித்துப் படுக்க வை, கழுத்துப் பட்டனைத் தளர்த்து, வாயில் எதையும் திணிக்காதே, இழுக்கும் கையை அமுக்காதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. இரும்புச் சாவி எதற்கும் உதவாது. போன வருஷம் ஒரு ஆயா, சாவிக்கொத்தை முந்தானையில் முடிந்துகொண்டே, "அப்ப இத்தனை நாள் பண்ணதெல்லாம்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

சித்திரையில் மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குச் சர்க்கரை நிரப்பிய செம்பு எடுப்போம். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்று பிள்ளையை ஒரு வருஷம்கூட எதிர்சேவை நடக்கும் தல்லாகுளத்துக்குக் கூட்டிப்போனதில்லை. செம்பின் வாயை வாழையிலையால் கட்டுவதற்குள் விரலை விட்டு நக்கிவிடுவாள், அம்மா அடிக்க ஓங்குவாள். இப்போது அவள் பேருக்கும் ஒரு செம்பு கட்டுகிறோம். இலையை மூடும் முன்னால் அம்மா அதைக் கொஞ்ச நேரம் திறந்தே வைக்கிறாள்.