மலையேற்றப் பையை அடுக்கும்போது

முதல் முறை மலையேறுகிறீர்களா? பையின் எடை உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. தண்ணீரும் இதில் அடக்கம். தூங்கும் பை அடியில் இருக்கட்டும். உணவு, அடுப்பு போன்ற கனமானவை நடுவில், முதுகை ஒட்டி. கனம் வெளிப்பக்கம் போனால் ஏற்றத்தில் பை பின்னுக்கு இழுக்கும். மழைச்சட்டை மேலே, கைக்கு எட்டும்படி.

பைக்கு மழையுறை போட்டாலும் முதுகுப் பக்கமாக நீர் இறங்கத்தான் செய்யும். உள்ளே பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, துணிகளை அதற்குள் வைத்து வாயை முறுக்கிவிடுங்கள். ஜீன்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். நனைந்தால் லேசில் காயாது, குளிரில் நடுங்க வைத்துவிடும்.

சுமக்கும்போது இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிய பிறகே பையின் தோள் வார்களை இழுங்கள்.