பின்வளவுப் பறவைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் பிறந்தால் ரொறன்ரோவின் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தெரிந்தவர்களின் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். பறவைகளுக்கு விதை வைக்கும் பீடர் தொங்கவிட்டாயிற்று, சூரியகாந்தி விதையும் போட்டாயிற்று, புரொஜெக்ட் பீடர்வாட்சில் பெயரும் பதிந்தாயிற்று, இனி என்ன? கோர்னெல் பறவையியல் ஆய்வகமும் பேர்ட்ஸ் கனடாவும் சேர்ந்து நடத்தும் கணக்கெடுப்பு இது. 1976இல் ஒன்ராறியோவில் தொடங்கி, 1987இல் வட அமெரிக்கா முழுவதற்கும் விரிந்தது. நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை நடக்கும். விதிகளை அவர்களே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள், அவற்றைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. நான் தொடங்கிய காலத்தில் செய்ததையே புதியவர்களும் செய்வதைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறதே, அவற்றை மட்டும் சொல்கிறேன்.

நல்ல பறவை வந்த நாளைக் கணக்கு நாளாக்குவது

அடுத்தடுத்த இரண்டு நாட்களை முன்கூட்டியே தெரிவு செய்ய வேண்டும். ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது ஐந்து நாட்கள் விட வேண்டும். இதில் 'முன்கூட்டியே' என்பதை மட்டும் யாரும் காதில் வாங்குவதில்லை.

தெரிந்த அண்ணை ஒருவர் சனி, ஞாயிறு என்று வைத்திருந்தார். அந்த வார இறுதியில் உறைமழை. நான்கு சிட்டுக்குருவி, ஒரு புறா, அவ்வளவுதான். "இதைப் போய் என்னெண்டு பதியிறது" என்று விட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை ரெட்போல் என்ற வடக்கத்திச் சிறு குருவிகளின் கூட்டம் ஒன்று வந்து பீடரை மொய்த்தது. உடனே செவ்வாயும் புதனும் அவருடைய கணக்கு நாட்களாகிவிட்டன. பெருமையாகப் படமும் அனுப்பினார். "அண்ணை, சனி ஞாயிறு எங்கை?" என்று கேட்டேன். ஆளுக்குக் கோபம். "நான் என்ன பொய்யே எழுதினனான்?"

பொய் இல்லைத்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். வடக்கே பேர்ச் மரங்களில் விதை குறைகிற ஆண்டுகளில்தான் ரெட்போல் பெருங்கூட்டமாகத் தெற்கே இறங்கும். எல்லோரும் அது வந்த நாளுக்குக் கணக்கை நகர்த்தினால், நிறைய வந்த குளிர்காலமும் தப்பித் தவறி ஒன்றிரண்டு வந்த குளிர்காலமும் தரவில் ஒரே மாதிரித் தெரியும்.

ஈவினிங் குரோஸ்பீக் என்று மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை இருக்கிறது. 1988க்கும் 2006க்கும் இடையில் அதைக் கண்டதாகப் பதிந்த பீடர்வாட்ச் இடங்கள் பாதியாகக் குறைந்துவிட்டன. அந்தச் சரிவு எப்படித் தெரிய வந்தது? குரோஸ்பீக் இல்லாத பட்டியலையும் சலிக்காமல் அனுப்பிக்கொண்டிருந்தவர்களால்தான். நம்முடைய அண்ணையைப் போல ஆளாளுக்கு நாளை மாற்றியிருந்தால், அந்தப் பறவை குறையக் குறையவும் பட்டியல்கள் நிறைந்தே இருந்திருக்கும்.

ஒரு பறவையும் வராத இரண்டு நாட்களையும் அப்படியே பதியலாம், பதிய வேண்டும். சரி, செவ்வாய்க்கிழமை ரெட்போலை என்ன செய்வது? ஈபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் போடுங்கள், அங்கே எந்த நாளில் கண்டதையும் போடலாம். பீடர்வாட்சுக்குப் போக வேண்டியது நான்கு சிட்டுக்குருவியும் ஒரு புறாவும்.

நாள் முழுக்க இருக்க முடியவில்லை என்று பதியாமல் விடுவது

தேத்தண்ணி குடிக்கிற நேரம் யன்னலால் பார்த்தாலும் கணக்குத்தான். எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று படிவத்தில் கேட்பார்கள், அதை உள்ளபடி சொல்லுங்கள்.

கூட்டுவது

சிக்கடி என்ற சின்னக் குருவி ஒரு விதையைக் கவ்விக்கொண்டு கிளைக்குப் போகும், காலால் அமுக்கிப் பிடித்து உடைத்துத் தின்னும், அப்புறம் அடுத்த விதைக்கு வரும். வந்த தடவைகளை எல்லாம் கூட்டினால் மூன்று சிக்கடி முப்பதாகிவிடும். ஒரே நேரத்தில் ஒன்றாகக் கண்ணில் பட்டதில் ஆகக் கூடிய எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள், இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒரே எண்.

காலையில் சிவப்பு ஆண் கார்டினல், மாலையில் பெண் கார்டினல் என்றால்? அதுவும் ஒன்றுதான். இதற்குச் சண்டைக்கு வராத ஆளை நான் இன்னும் காணவில்லை. இரண்டும் வேறு பறவைகள் என்று கண்ணுக்கே தெரிகிறது, உண்மைதான். சிக்கடியில் ஆணையும் பெண்ணையும் பிரித்துச் சொல்வீர்களா? முடியாது. கார்டினலுக்கு ஒரு விதி, சிக்கடிக்கு ஒரு விதி என்று எண்ணினால் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது.

சிட்டுக்குருவியை விட்டுவிடுவது

"அது ஊரிலயும் இருக்கிறதுதானே." இருக்கட்டும். 1850களில் நியூயோர்க்கில் கொண்டுவந்து விட்ட பறவை, இன்றைக்கு இங்கேயும் குறைந்துகொண்டு வருகிறது. எண்ணுங்கள். ஸ்டார்லிங்கையும்.

இரண்டு மரங்கொத்திகளை மாற்றி எழுதுவது

அலகைப் பாருங்கள். குட்டை என்றால் டவுனி, தலையின் நீளத்தை எட்டினால் ஹேரி.

மேலால் பறந்த கனடா வாத்து

வளவைத் தேடி வராததை எண்ணக் கூடாது. பீடருக்கு வரும் குருவியைப் பிடிக்க வந்த கூப்பர் வல்லூறை எண்ணலாம்.

பீடரைக் கழுவாமல் விடுவது

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது கழுவிக் காயவைத்துத் தொங்கவிடுங்கள். 1994இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஹவுஸ் ஃபிஞ்ச் என்ற சிறு குருவிகளிடம் முதலில் கண்ட கண்நோய் பீடர் வழியாகவும் பரவும். கண் வீங்கிய பறவையைக் கண்டால் அதையும் படிவத்தில் குறியுங்கள், பீடரைச் சில நாள் கழற்றி வையுங்கள்.

விட்ட வாரத்தை நிரப்புவது

எல்லா வாரமும் எண்ண வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பெப்ரவரியில் ஊருக்குப் போய் மூன்று வாரம் இல்லையென்றால் அந்த மூன்று வாரமும் வெறுமையாகவே இருக்கட்டும். வீட்டில் நின்ற மருமகனிடம் கேட்டு எழுதாதீர்கள்.