ஃப்ரீபிஎஸ்டி சர்வரில் நெட்வொர்க் பஃபர் தீர்ந்துபோனால்

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது, கன்சோலில் உள்நுழையவும் முடிகிறது, ஆனால் வெளியிலிருந்து யாராலும் இணைய முடியவில்லை. பிங் கொடுத்தால் ‘நோ பஃபர் ஸ்பேஸ் அவெய்லபிள்’ என்று வருகிறது, அதாவது தரவைத் தற்காலிகமாக வைக்கும் பஃபர் நினைவகத்தில் இடமில்லை. அந்த நேரத்தில் தயவுசெய்து ரீபூட் செய்துவிடாதீர்கள். காரணத்தைச் சொல்லக்கூடிய எண்கள் அப்போதுதான் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கும். ரீபூட் செய்தால் அவை போய்விடும்.

வந்துபோகும் தரவை ஃப்ரீபிஎஸ்டி கெர்னல் எம்பஃப் எனப்படும் 256 பைட் நினைவகத் துண்டுகளிலும், அவற்றோடு இணைந்த, கிளஸ்டர் எனப்படும் 2048 பைட் துண்டுகளிலும் வைத்திருக்கிறது. முதலில் ‘நெட்ஸ்டாட் -எம்’ கட்டளையைக் கொடுங்கள். கிளஸ்டர் வரியில் பயன்பாட்டில் உள்ளவை, கேஷில் உள்ளவை, மொத்தம், உச்சவரம்பு என நான்கு எண்கள் இருக்கும். மொத்தம் உச்சவரம்பைத் தொட்டு, மறுக்கப்பட்ட கோரிக்கைகளின் எண்ணிக்கையும் ஒரு நிமிட இடைவெளியில் ஏறினால், பஃபர் தீர்ந்தது உறுதி. மறுப்பு பூஜ்யமாகவே இருந்தால், நெட்வொர்க் கார்டின் அனுப்பும் வரிசை நிரம்பியிருக்கலாம். அதற்கும் இதே பிழைச்செய்திதான் வரும் என்பதால், கார்டையும் கேபிளையும் டிரைவரையும் பாருங்கள்.

அடுத்து, பஃபரைப் பிடித்துவைத்திருப்பது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். வரம்பை உயர்த்துவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். ‘நெட்ஸ்டாட் -ஏஎன்’ காட்டும் பட்டியலில் ரிசீவ் கியூ பெரிதாக இருந்தால், நம் சர்வரில் உள்ள பிராசஸ் வந்த தரவைப் படிக்கவில்லை. சென்ட் கியூ பெரிதாக இருந்தால், அனுப்பிய தரவு மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லை. நான் பராமரித்த ஒரு சர்வரில், டிஸ்க் நிரம்பியதால் எழுத முடியாமல் நின்றுவிட்ட லாக் சேகரிப்பு பிராசஸ் ஒன்று, நூற்றுக்கணக்கான இணைப்புகளின் ரிசீவ் கியூவை நிரப்பிவைத்திருந்தது. எந்த இணைப்பு எந்த பிராசஸுடையது என்று காட்டும் ‘சாக்ஸ்டாட்’ கட்டளை மூலம் அதன் பிராசஸ் எண்ணைக் கண்டு நிறுத்தியதும், சில நொடிகளில் பஃபர்கள் விடுபட்டன. வரம்பை மட்டும் உயர்த்தியிருந்தால் அதே தடை சற்றுத் தாமதமாக வந்திருக்கும், அவ்வளவுதான். இரு கியூக்களும் காலியாக இருந்தும் பயன்பாட்டு எண் குறையாமல் ஏறினால், எடுத்த பஃபரைத் திருப்பித் தராத கசிவு டிரைவரில் இருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும்.

உண்மையிலேயே இணைப்புகள் பெருகியிருந்தால் மட்டும் கிளஸ்டர் உச்சவரம்பான ‘கெர்ன்.ஐபிசி.என்எம்பிகிளஸ்டர்ஸ்’ மதிப்பை, கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் கட்டளை மூலம் உயர்த்துங்கள். சர்வர் ஓடும்போதே இதை ஏற்றலாம், இறக்க முடியாது. ஒரு லட்சம் கிளஸ்டர்கள் நிரம்பினால் சுமார் 200 மெகாபைட் நினைவகம் போகும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க, அதே வரியை, சர்வர் தொடங்கும்போது படிக்கப்படும் லோடர் அமைப்புக் கோப்பில் எழுதிவிடுங்கள்.

எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை, 9000 பைட்டாக வைத்திருப்பவர்கள், பெரிய பாக்கெட்டுகளுக்கான ஜம்போ கிளஸ்டர் மறுப்புகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். 9 கிலோபைட் கிளஸ்டருக்குத் தொடர்ச்சியான நினைவகம் தேவை. பல நாள் ஓடிய சர்வரில் நினைவகம் துண்டுபட்டிருந்தால், வரம்பை எட்டாமலே மறுப்பு விழும். அங்கே வரம்பை உயர்த்திப் பயனில்லை. எம்டியுவைக் குறைத்துப் பாருங்கள்.