குழந்தைகள் இல்லத்தில் வேலை: சேர்ந்த பிறகு எப்படிக் கற்றுக்கொள்வது

இல்லத் தாயாகவோ காப்பாளராகவோ சேர்ந்தால் முதல் நாளே சாவிக்கொத்து கைக்கு வந்துவிடும், பயிற்சி பிறகு வந்தாலும் வரும். அதற்காகக் காத்திருக்காதீர்கள். இந்த வேலையில் பாதி ராத்திரிப் பணியில்தான் இருக்கிறது. பழைய ஆள் ஒருவரோடு சேர்ந்து பார்க்கும்படி அதை முதல் மாதமே கேட்டு வாங்குங்கள்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர், சமையல் உதவிக்கு வந்து அப்படியே இல்லத் தாயான ஓர் அக்கா. புதிதாக வந்த எட்டு வயதுப் பையன் தினமும் படுக்கையை நனைத்துவிடுவான். அக்கா ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்தபடி போய், விரிப்பை மாற்றி, ஈரத் துணியை வாளியில் போட்டு, மேலே காய்ந்த துண்டு ஒன்றை மூடி எடுத்துக்கொண்டு வருவார். பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக்கூடத் தெரியாது. காலையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

தலையணைக்கடியில் இட்லி, பிஸ்கட் என்று பதுக்கி வைக்கும் பிள்ளைகளும் வருவார்கள். திருட்டு என்று நினைத்துவிடாதீர்கள், அடுத்த வேளை கிடைக்குமா என்ற பயம் அது. மூடியுள்ள டப்பா ஒன்றைக் கொடுத்து, "இது உன்னோடது, தீர்ந்தா கேளு" என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நாளில் எறும்பு தொல்லையும் குறையும்!

அப்புறம் பதிவேடு. "அடம் பிடித்தான்" என்று எழுதினால் அடுத்த ஷிப்டுக்கு வருபவருக்கு ஒன்றும் விளங்காது. "8.10க்குத் தட்டைத் தள்ளிவிட்டான், இரண்டு வாய்தான் சாப்பிட்டான், மதியம் அம்மா பார்க்க வருவதாக இருந்தது, வரவில்லை" என்று எழுதுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் இருக்க வேண்டும். ஆற்றுப்படுத்துநரும் (பிள்ளைகளுக்கு மன ஆலோசனை சொல்பவர்) நன்னடத்தை அலுவலரும் (பிள்ளையின் குடும்பச் சூழலை விசாரிப்பவர்) அதைப் புதுப்பிக்கும்போது இப்படி எழுதியதுதான் கை கொடுக்கும். உங்கள் பொறுப்பில் உள்ள பிள்ளைகளின் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், கேட்காமல் யாரும் காட்டமாட்டார்கள்.

சட்டத்தில் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. ஆனால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் மனப்பாடமாக இருக்கட்டும். பிரிவு 82, அடி. ஒழுங்குபடுத்துகிறேன் என்று கை வைத்தால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், மறுபடி என்றால் 3 மாதம் வரை சிறை. வேலை போவதோடு, அதன்பின் குழந்தைகளோடு நேரடியாக வேலை செய்யவும் தடை வரலாம். பிரிவு 74, குழந்தையின் அடையாளம். பிறந்தநாளுக்குப் பிரியாணியோடு வருபவர்கள் போட்டோ எடுக்க நிற்பார்கள், நல்ல மனசுக்காரர்கள்தான், ஆனாலும் முகம் தெரியும்படி எடுத்துப் போடக் கூடாது என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகுங்கள். உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இது பொருந்தும்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று ஒரு குழந்தை ஆரம்பித்தால் சத்தியம் செய்யாதீர்கள். "உன்னைப் பாதுகாக்க வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். துருவிக் கேட்க வேண்டாம், அது உங்கள் வேலை இல்லை. குழந்தை சொன்ன அதே வார்த்தைகளில் குறித்துவைத்துக்கொண்டு உடனே கண்காணிப்பாளரிடம் போங்கள். பாலியல் கொடுமை என்றால் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் 6 மாதம் வரை சிறை. கண்காணிப்பாளரே "பார்த்துக்கலாம்" என்று இழுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கூப்பிடுங்கள். பயமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது.

மேலே போக நினைப்பவர்களுக்கு: ஆற்றுப்படுத்துநர் போன்ற பணிகளுக்குச் சமூகப்பணி, உளவியல் மாதிரியான பட்டம் கேட்பார்கள். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) சமூகப்பணி பட்டப்படிப்பை அஞ்சல் வழியில் படிக்கலாம், களப்பணியும் உண்டு. தேர்வு ஜூன், டிசம்பரில் வரும். ஜூனில்தான் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்து இல்லமே அல்லோலகல்லோலப்படும், அதனால் விடுப்பை ஏப்ரலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.