மழைநாளில் வீட்டுக்குள் திரும்பும் கழிவுநீர்: தடுக்கும் முறையும் தூய்மை செய்யும் முறையும்

சென்னையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது, தரைத்தளக் குளியலறையின் நானி டிராப்பில் (தரையில் நீர் வடியும் துளையில்) முதலில் குமிழிகள் தோன்றும். சற்று நேரத்தில் கறுப்பு நீர் மேலேறித் தரையில் பரவும். வீட்டுக் குழாயில் அடைப்பு என்று எண்ணிப் பலர் ஆசிட் ஊற்றுகிறார்கள். அடைப்பு வீட்டில் இல்லாமல் தெருவில் இருக்குமானால் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் பயனில்லை. தெரு மேன்ஹோலில் கழிவுநீர் எந்த உயரத்துக்கு நிற்கிறதோ, அதைவிடத் தாழ்வான திறப்பு வீட்டில் எங்கு இருந்தாலும் நீர் அதன் வழியே வெளியேறும். ஆகவே மழை தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது தம் வீட்டின் மிகத் தாழ்ந்த திறப்பு எது, அது தெரு மேன்ஹோல் மூடியைவிட எவ்வளவு கீழே உள்ளது என்பதே.

இதை அளப்பது எளிது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும், நீர் நிரப்பிய கண்ணாடி நிற டியூபின் ஒரு முனையை மேன்ஹோல் மூடியருகிலும் மறுமுனையைக் குளியலறைத் தரையிலும் பிடித்தால், இரண்டுக்கும் உள்ள உயர வேறுபாடு அங்குலக் கணக்கில் தெரிந்துவிடும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதால் தெருவைவிடத் தாழ்ந்துவிட்ட வீடுகள் சென்னையில் ஏராளம். சுரண்டிய பிறகே புதிய சாலை அமைக்க வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் உத்தரவிட்டது; உங்கள் தெருவில் சாலைப் பணி தொடங்கும்போது இதை எடுத்துச் சொல்லி வற்புறுத்துவது குடியிருப்போரின் உரிமை.

அடுத்து, மொட்டைமாடி மழைநீர்க் குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அது கழிவுநீர்ச் சேம்பரில் (வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும், மூடியுள்ள தொட்டியில்) முடிந்தால் உடனே பிரித்து மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்புங்கள். பாதாளச் சாக்கடைக் குழாய்கள் வீட்டுக் கழிவுநீரின் அளவுக்கு அமைக்கப்பட்டவை. ஒரு தெரு முழுவதன் மாடி நீரும் அதில் விழுந்தால் தாழ்வான வீடுகளுக்குள்தான் அது எழும்பும். தெருவில் தேங்கிய நீர் வடியட்டும் என்று மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவதும் இதே கேட்டையே விளைவிக்கிறது. திறந்த மேன்ஹோல் வெள்ளத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பதால் அதில் விழுந்து உயிர் போகும் ஆபத்தும் உண்டு.

தெருவைவிடத் தாழ்ந்த வீடுகளுக்கு நிலையான பாதுகாப்பு, சாலை இணைப்புக்கு முந்தைய கடைசிச் சேம்பரில் பொருத்தும் நான்-ரிட்டர்ன் வால்வு. வீட்டிலிருந்து வரும் நீர் அதன் தகட்டைத் தள்ளித் திறக்கும். தெருவிலிருந்து வரும் நீர் அதே தகட்டை அழுத்தி மூடும். பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று இதில் உண்டு: தகடு மூடியிருக்கும்போது உங்கள் கழிவுநீரும் வெளியே போகாது. அடுக்குமாடிக் கட்டடமாக இருந்தால், மூன்றாம் மாடியில் ஒருவர் ஃப்ளஷ் செய்யும் நீர், போக வழியின்றித் தரைத்தளக் கழிப்பறையில் பொங்கும். ஆகவே வால்வு பொருத்துவதோடு, கனமழை நேரத்தில் வாஷிங் மெஷினையும் குளியலையும் தள்ளிப்போட வேண்டும் என்று மாடிக் குடியிருப்போரிடம் முன்கூட்டியே பேசி வைப்பதும் அவசியம். சில மாதங்களுக்கு ஒருமுறை சேம்பரைத் திறந்து தகட்டைக் கழுவ வேண்டும். ஒரு துணித்துண்டு சிக்கினாலே அது முழுமையாக மூடாது. மேலே டைல்ஸ் பதித்து மறைத்துவிட்டால் வால்வு இருந்தும் இல்லாததாகிவிடும்.

வால்வு இல்லாதவர்கள் மழை எச்சரிக்கை வந்ததும், கெட்டியான பிளாஸ்டிக் பைக்குள் மணல் நிரப்பி இறுகக் கட்டி, கழிப்பறைக் கோப்பைக்குள்ளும் நானி டிராப்பின் மீதும் அழுத்தி வைக்கலாம். இது வேகத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது.

உணவகங்களுக்கும் திருமண மண்டபங்களுக்கும் மழை ஒரு காரணம் மட்டுமே. எண்ணெயும் கொழுப்பும் மற்றொரு காரணம். சூடாக ஊற்றிய எண்ணெய் குழாயில் குளிர்ந்து உறைய, அதன்மேல் மாவும் சோற்றுப் பருக்கையும் இலைத் துணுக்கும் படிந்து அடைப்பாகின்றன. பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் சேம்பருக்கும் இடையே, கழுவிய நீரிலிருந்து கொழுப்பைப் பிரித்து நிறுத்தும் கொழுப்புத் தொட்டி கட்டாயம் வேண்டும். மேலே மிதக்கும் கொழுப்பும் அடியில் தங்கும் கசடும் சேர்ந்து தொட்டியின் ஆழத்தில் கால் பங்கை எட்டுவதற்குள் அள்ளிவிட வேண்டும். பயன்படுத்திய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், பயோடீசலுக்காக வாங்கிச் செல்லும் முகவர்களிடம் தரலாம்.

நீர் ஏறத் தொடங்கிவிட்டால் முதலில் எல்லாக் குழாய்களையும் மூடி, அடைப்பு எங்கே என்று பாருங்கள். வீட்டின் கடைசிச் சேம்பர் காலியாக இருக்க, உள்ளே நீர் நின்றால் அடைப்பு வீட்டுக்குள் இருக்கிறது, பிளம்பர் போதும். சேம்பர் நிரம்பியிருந்து தெரு மேன்ஹோலில் நீர் தாழ்வாக ஓடினால், இரண்டையும் இணைக்கும் குழாயில் அடைப்பு. மேன்ஹோலும் விளிம்புவரை நிரம்பியிருந்தால் அது சென்னைக் குடிநீர் வாரியத்தின் பணி. 1916 என்ற எண்ணில் புகார் செய்து, நீரை அழுத்தத்தில் பீய்ச்சி அடைப்பை நீக்கும் ஜெட் ராடிங் வண்டி வேண்டும் என்று கேளுங்கள்.

எந்த நிலையிலும், யாரையும் மேன்ஹோலுக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்காதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, அளவு கூடும்போது நுகர்வுத் திறனையே மழுங்கடித்துவிடுவதால், நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர் மயங்கி விழுகிறார். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் விழுகிறார். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளும் தொழிலை ஒழிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் கூறியது. ஒரு வீட்டின் அடைப்பை நீக்க ஒரு மனிதனின் உயிரைப் பணயம் வைக்கும் தேவை இன்று எவருக்கும் இல்லை.

நீர் வடிந்த பிறகு, ஈரத்தில் நிற்காமல் மெயின் சுவிட்சை அணைக்க முடிந்தால் அணையுங்கள். பெட்டியை அடைய நீரில் நடக்க வேண்டியிருந்தால் மின்வாரியத்தின் புகார் சேவை மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழையுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அங்கிருந்து அகற்றிவிட்டு, கம்பூட், தடித்த ரப்பர் கையுறை, முகக்கவசம், கண்ணாடி ஆகியவற்றை அணிந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். காப்பீடு இருந்தால் எதையும் நகர்த்துமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தை, தலையணை, சோபா பஞ்சு, நனைந்து உப்பிய பார்ட்டிகிள் போர்டு அலமாரி ஆகியவற்றை மனம் கேட்காவிட்டாலும் எறிந்துவிட வேண்டும். கழிவுநீரை உறிஞ்சிய அவற்றை வெயில் தூய்மையாக்காது. பாத்திரம், கிரானைட், டைல்ஸ் முதலியவற்றைக் கழுவி மீட்கலாம். நீர் பட்ட உணவுப் பொருள்களை, பாக்கெட் பிரிக்காதவையானாலும், பயன்படுத்தக் கூடாது.

கிருமிநீக்கத்தில் வரிசை முக்கியம். சேற்றின் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவுவது வழக்கமாக இருந்தாலும், அழுக்கோடு வினைபுரிந்தே குளோரின் தீர்ந்துவிடுகிறது. முதலில் கசடை அள்ளி, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, அதன் பிறகு 10 லிட்டர் நீருக்கு 170 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்த நீரைத் தரையிலும், சுவரில் நீர்க்கோட்டுக்குச் சற்று மேல்வரையும் ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். கழிப்பறை ஆசிடை இதனுடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு கிளம்பும். பின்னர் எல்லா ஜன்னல்களையும் திறந்து, சுவர் உலரும் வரை காற்றோட்டம் தாருங்கள். பூஞ்சை பிடிக்கும் முன் உலர்வது நல்லது.

சேம்பரும் சம்ப்பும் (நிலத்தடி நீர்த்தொட்டியும்) பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வீடுகளில், சம்ப்பின் மூடிவரை கழிவுநீர் எட்டியிருந்தால், நீர் தெளிவாகத் தெரிந்தாலும் மோட்டாரைப் போடாதீர்கள், மேல்தொட்டியும் கெட்டுவிடும். சம்ப்பை முழுதாக இறைத்து, தேய்த்துக் கழுவி, மீண்டும் நீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு 170 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஒரு இரவு வைத்திருந்து, அந்நீரை வெளியேற்றிய பிறகே புதுநீர் பிடிக்க வேண்டும். அடுத்த மழைக்குள் சம்ப்பின் விளிம்பைத் தரையிலிருந்து ஓரடியாவது உயர்த்திக் கட்டிவிடுங்கள்.

கழிவுநீரில் நின்று வேலை செய்தவர்களின் காலில் வெட்டு அல்லது புண் இருந்தால், டெட்டனஸ் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியே தொற்றும் எலிக்காய்ச்சல் வெளிப்பட ஒரு மாதம் வரைகூட ஆகலாம் என்பதால், அதற்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலைக்கான அறிகுறி எது தோன்றினாலும், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல், கழிவுநீரில் இறங்கி வேலை செய்ததைச் சொல்லியே மருத்துவரிடம் காட்டுங்கள்.